எடுக்காத பொட்டணம்

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் என் மாமனார் சென்னிமலையிலிருந்து போன் செய்து அழுதார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மகன் கோயிலுக்குப் போகிறானாம், அதற்கு அழுகை.

“அம்மிணி, நாப்பது வருசமாக் கறுப்புச் சட்டையப் போட்டுட்டு ஊருக்கே புத்தி சொன்னவன் நானு. என்ற பையன் நெத்தி நெறையப் பூசிட்டுக் கோயிலுக்குக் கெளம்பி நிக்கறானே, போட்டாவப் பாத்துப்போட்டு ஊரே சிரிக்குது!”

அந்தப் போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டது நான்தான். பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் விளக்கேற்றினால்கூட இந்தக் குடும்பத்தில் நக்கல் பேசுவார்கள். பதினாறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது என் வீட்டுக்காரரே, செங்கோட்டுவேல் அவர்களே, ஞாயிறு மதியமானால் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சார்லட் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கே ஏதேதோ சேவை செய்கிறாராம், திரும்பி வர இருட்டிவிடுகிறது.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஃபோர்ட் மில் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தது. சார்லட் வட கரோலினா. நடுவில் சாலையோரம் ஒரு பலகை மட்டும்தான், வேலியும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. அவருக்கு வேலை வீட்டிலிருந்தபடியே. கோயிலுக்கும் காய்கறிக்கும் மட்டும்தான் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டுப் பொட்டணம் எடுக்கச் சொல்கிறார். எங்கள் அம்மா வீட்டுப் பழக்கம் இது. ஒரு தாளில் திருநீறு, இன்னொரு தாளில் குங்குமம். ஒரே மாதிரி மடித்து, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்போம். திருநீறு என்றால் சாமி சரி என்கிறது. குங்குமம் என்றால் வேண்டாம் என்கிறது. எடுக்கிறவருக்குக் கேள்வி தெரியக் கூடாது. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இந்த வீட்டை வாங்கியதுகூட நான் பொட்டணம் எடுத்துத்தான். அன்றைக்குத் தலையிலடித்துக்கொண்டு சிரித்தவர், வீட்டு விலை ஏறிய பிறகு என் கையை ராசியான கை என்று சொல்ல ஆரம்பித்தார்.

என்ன கேள்வி என்று நான் கேட்பதில்லை. கிரீன் கார்டு விஷயமாக இருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திருநீறு வந்தது. சாயங்காலம் திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் பல். “ராசியான கைக்கு” என்று சொல்லி ஒரு ஜோடித் தங்க வளையலைப் போட்டுவிட்டார். கோயிலுக்குப் போனவர் நகைக்கடைக்கு எப்போது போனார் என்று கேட்க வாயெடுத்தேன். வளையல் நல்ல கனமாக இருந்தது. கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாத்திரம் கழுவும் மெஷின் மறுபடியும் ஒழுகுகிறது. தன்விகாவுக்குப் பல்லில் கம்பி போட அடுத்த வாரம் போக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவள் அப்பாவைவிட அதிக அப்பாயின்ட்மென்ட்.

செப்டம்பர் 28, ஞாயிறு

குங்குமம் வந்தது. வேண்டாம் என்று சாமி சொன்ன பிறகும் கிளம்பிப் போனார். திரும்பி வந்து கொள்ளு ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார்.

“சாமி கும்பிட்டுட்டு வர்ற மொகமாங்க இது?” என்றேன்.

“கம்முனு இரு கோகிலா. இன்னிக்கு உன்ற கையே சரியில்லே.”

நான் என்ன செய்தேன்? எனக்குக் கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது. ஆனால் என் கையைக் குறை சொன்னது சுருக்கென்றது. ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

மதியம் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டு சுபத்ரா அக்கா பைன்வில் கடைக்குக் கிளம்பினார், நானும் அவர் காரில் தொற்றிக்கொண்டேன். அந்தக் கடை மாநில எல்லையைத் தாண்டியதும் வருகிற நம்மூர்க் கடை. அக்கா வண்டியை நிறுத்த இடம் தேடியபோது, கடைசி வரிசையில் எங்கள் சாம்பல் நிறக் கார் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே அவர். நான் பூசிவிட்ட திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, “ஓடுறா, ஓடுறா!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அக்காவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, போய்க் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிடமாம். கட்டிய பெண்டாட்டி கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவருக்கு ஆட்டம் முடிய வேண்டும்.

ஆட்டம் முடிந்தது. தோற்றுவிட்டார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. காருக்குள் போய் உட்கார்ந்தேன்.

“கோயில் எங்கீங்க?”

“ஆரம்பத்துல ரெண்டு வாரம் போனேன்.”

“இது என்ன?”

“இந்த ஊரு ஃபுட்பால்ல பெட்டிங், பந்தயம். தப்பா ஒண்ணுமில்லே கோகிலா. சட்டப்படி நடக்குது. அரசாங்கமே லைசென்ஸ் குடுத்து வரி வாங்கிக்குது.”

“சட்டப்படி நடக்கறதுக்கு எதுக்குங்க நெத்தியில பூசிட்டு வந்து ஒளிஞ்சு உக்காந்திருக்கறீங்க?”

“நம்மூட்டுல இந்த ஆப் தொறக்காது. தென் கரோலினாவுல அனுமதி இல்லே. போன் எங்க இருக்குதுன்னு அதுக்குத் தெரியும். கோட்டத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாத்தான் தொறக்கும். இந்தக் கடைதான் கிட்ட.”

பக்தி என்று நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டது கறிவேப்பிலைக் கடை வாசலில் நின்றிருக்கிறது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது.

“அந்தப் பொட்டணம்?”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “சார்லட் டீமுக்குத் திருநீறு. எதுத்து ஆடறவங்களுக்குக் குங்குமம்.”

இத்தனை வாரமும் பந்தயம் கட்டியது என் கைதான். அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வளையலைக் கழற்றி எறியப் பார்த்தேன். சோப்புப் போட்டும் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

தன்விகாவின் படிப்புக்காகச் சேர்த்து வைத்த கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். பாதி இல்லை. நான் கத்தவில்லை, தன்விகா பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மீதிப் பாதி அவளுக்கு மிஞ்ச வேண்டும். இந்த மனுஷன் கோட்டைத் தாண்டக் கூடாது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அக்டோபர் 8, புதன்

பெட்டிங் விளம்பரத்தின் கடைசியில், பிரச்சினை இருந்தால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று மூச்சு விடாமல் ஓட்டமாகச் சொல்வார்கள். மூன்று தடவை பார்த்து எண்ணை எழுதிக்கொண்டேன். அங்கிருந்து கைமாற்றி விட்டு, கடைசியில் வட கரோலினா மாநில அலுவலகத்தில் ஒரு பெண் பேசினாள். நல்ல தன்மையான பெண். ஒருவர் தன்னைத் தானே தடை செய்துகொள்ள வழி இருக்கிறதாம். ஒரு வருடம், ஐந்து வருடம், ஆயுள் முழுக்க, எது வேண்டுமோ அது. பெயர் ஏறிவிட்டால் அந்த மாநிலத்தில் எந்த ஆப்பும் அவரைச் சேர்க்காது. நடுவில் மனசு மாறினாலும் எடுக்க முடியாது.

“உடனே ஏத்திடுங்க” என்று அவர் பெயரைச் சொல்லப் போனேன். அவர்தான் தன் விருப்பத்தோடு செய்ய வேண்டும், மனைவி செய்ய முடியாது என்றாள்.

விருப்பம் இருந்தால் நான் ஏன் உன்னைக் கூப்பிடுகிறேன் தாயே? இதை அவளிடம் சொல்லவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இந்த ஊரில் எதற்கும் நன்றி சொல்லித்தான் பழக்கமாகிவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

கார்ச் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். டாக்ஸி பிடித்துப் போனார். பொட்டணம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவரே ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். தோற்றுப்போய் வந்தார்.

“உன்ற கை எடுத்திருந்தா இப்படி ஆயிருக்காது” என்றார்.

எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், அவர் கை எடுத்தால் அப்படித்தான் ஆகும் என்றும் தோன்றியது. தோன்றுவதற்கு நான் என்ன செய்ய முடியும்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். அந்தத் தடைக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று இந்த வாரம் முழுக்கக் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். கடைசியில் இன்று காலை வாயைத் திறந்தார்.

“நீ சொல்லிப் போட மாட்டேன். பொட்டணம் சொல்லட்டும், போடறேன்.”

சரி என்றேன். நாளைக்குக் கேட்பதாக முடிவு. தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழா நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்திருந்தது, நன்றாக மடிகிறது. இரண்டு பொட்டணத்தையும் நானே மடித்து வைத்தேன். அவருக்கு மடிப்பு சரியாக வராது.

அக்டோபர் 19, ஞாயிறு

எங்கள் இரண்டு பேருக்கும் கேள்வி தெரியும் என்பதால் தன்விகாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். என்ன ஏது என்று தெரியாமல், காதில் பாட்டு கேட்டுக்கொண்டே வந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

திருநீறு.

அவர் முகம் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஐந்து வருடம் என்று தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே அடித்து முடித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கடைசிப் பட்டனை அழுத்தும் முன் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவமாகவும் இருந்தது.

எடுக்காத பொட்டணத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை, என்ன இருந்தாலும் சாமி பொருள். கட்டாபா ஆற்றுப் பக்கம் போகும்போது தண்ணீரில் விட்டுவிடலாம் என்று பழைய பிரசாத டப்பாவில் போட்டு வைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஞாயிறு முழுக்க வீட்டிலேயே இருந்தார். பாத்திரம் கழுவும் மெஷினைப் பிரித்து மேய்ந்தார். இப்போது ஒழுகவில்லை, ஓடவும் இல்லை.

மாமனார் பேசினார். “ஏம் அம்மிணி, பையன் இன்னுங் கோயிலுக்குப் போறானா?”

“இல்லீங்க மாமா. இப்பெல்லாம் போறதில்லீங்க.”

“தெளிஞ்சுட்டானா? எனக்குத் தெரியும் அம்மிணி, என்ற ரத்தமல்ல அது!”

“ஆமாங்க மாமா, தெளிஞ்சுட்டாருங்க.”

மனிதர் அங்கே சந்தோஷத்தில் யாருக்கோ டீ சொல்கிற சத்தம் கேட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

சுபத்ரா அக்கா வந்து குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குக் கடை வாசலில் அவரும்தான் பார்த்தாரே, ஒளித்து என்ன பயன்.

“கோகிலா, புதுசா வேற மாதிரி ஆப் வந்திருக்காம்மா. யார் ஜெயிப்பாங்கன்னு பணம் போடறதுதான், ஆனா பந்தயம்னு சொல்றதில்ல, சந்தைங்கறாங்க. எங்காத்துக்காரர் ஆபீஸ்ல எல்லாரும் பேசறாங்களாம். வாஷிங்டன் மத்திய அரசு சட்டத்துக்குக் கீழ வர்றதாம், மாநிலம் தடுக்க முடியாதாம். கோர்ட்ல கேஸ் நடக்கறது. நடக்கற வரைக்கும் நம்ம ஊர்லயே தொறக்கறதுடீ.”

ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தால் போதும் என்று நினைத்தேனே. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரிடமே கேட்டுவிட்டேன்.

“எனக்குத் தீபாவளி முடிஞ்சப்பவே தெரியும்” என்றார். “பாக்க மாட்டேன் கோகிலா. பொட்டணம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாச்சு. போட்டதுனா போட்டதுதான்.”

இரண்டாவது தோசையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு மாநிலமும் வாஷிங்டனும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு மஞ்சள் தாள் செய்திருக்கிறது. கேட்காமலே மூன்றாவதையும் ஊற்றிப் போட்டேன். சந்தோஷம்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆற்றுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். எலும்பு வரை குளிர். பாதி வழியில் திரும்பிவிட்டோம்.

ஜனவரி 14, புதன்

போகி. எரிக்க இங்கே அனுமதி இல்லை, அதனால் துடைப்பதோடு சரி. நான் சமையலறையைத் துடைத்தேன். பூஜை அலமாரியை அவர் துடைக்கிறேன் என்றார். இப்போதெல்லாம் கேட்காமலே வேலை செய்கிறார். எனக்கு அது பெருமையாக இருந்தது, அதனால்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

“கோகிலா, இங்க வா.”

பழைய பிரசாத டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். கற்கண்டு கசிந்து தாளெல்லாம் ஒட்டி நைந்து போயிருக்கிறது. அவர் உள்ளங்கையில் கிழிந்த மஞ்சள் தாள், ‘தீபாவளி விழா’ என்று பாதி எழுத்து தெரிந்தது. அதிலிருந்து கொட்டியிருந்தது வெள்ளையாக.

“இது அன்னிக்குத் தன்விகா எடுக்காத பொட்டணந்தான?”

அதே தாளில் வேறொன்றும் மடித்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

“குங்குமமல்ல இருக்கோணும்?”

“உங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன். பிள்ளைக்காகச் செஞ்சேன்.”

“ரெண்டும் திருநீறு” என்றார். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். “நான் எந்தக் காலத்துல கோகிலா சாமிய நம்புனேன்? உன்னையத்தான நம்புனேன்.”

திருநீற்றைத் தட்டி டப்பாவிலேயே போட்டுவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “மாநிலத்துக்குப் போட்ட கையெழுத்து அங்கயே இருக்கட்டும். நானா எனக்குப் போட்டுக்கிட்டது செல்லாது, போ.”

பெற்ற பிள்ளையின் படிப்பில் பாதியைத் தின்றவர் என்னை ஏமாற்றுக்காரி என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நானும் தலையைக் குனிந்து நின்றேன். அதை நினைத்தால்தான் பற்றி எரிகிறது. டிசம்பரில் குளிரைப் பார்க்காமல் ஆற்றுக்குப் போயிருக்கலாம். ஒரு பிடி திருநீற்றைக் குப்பையில் போட எனக்குத் துணிச்சல் இல்லை, பொய் மடிக்க மட்டும் இருந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. அவர் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபத்ரா அக்கா சொன்ன ஆப்தான். எங்கள் வீட்டு வைஃபையிலேயே திறக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

அந்த அலுவலகத்தை மறுபடி கூப்பிட்டேன். அதே பெண்ணா தெரியாது, அதே தன்மை. உங்கள் கணவர் பெயர் இங்கே தடையில்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றாள். இந்தப் புது ஆப் பற்றிக் கேட்டேன். அது எங்கள் கீழ் வருவதில்லை, எங்கள் தடை அவர்களைக் கட்டாது என்றாள்.

“அப்ப இதை யார் கிட்டச் சொல்லறது?”

அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இப்போது குளிப்பதும் இல்லை, பூசுவதும் இல்லை, எங்கேயும் கிளம்புவதும் இல்லை. லுங்கியோடு சோபாவில் இருக்கிறார். நேற்று தோற்றார். முந்தாநாளும். சாப்பிடும்போது தன்விகா, “அப்பாவுக்கு என்னாச்சும்மா?” என்றாள். ஜுரம் என்றேன்.

மதியம் ஆட்டம் தொடங்குவதற்கு முன், சாமி முன்னால் இரண்டு பொட்டணத்தைக் கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை அவரே மடித்திருந்தார், மடிப்பு கோணலாக இருந்தது.

“எடு” என்றார்.

“மாட்டேனுங்க.”

“சரி. நானே எடுத்துக்கறேன். எப்படியும் போடத்தான் போறேன்.”

அவர் கை நீண்டது. அந்தக் கை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், மீதிப் பாதியும் போகும். தன்விகாவுக்காகத்தான் எடுத்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். எந்த டீமுக்கு எது என்று நான் கேட்கவில்லை. எடுக்கிறவருக்குக் கேள்வி தெரியக் கூடாது. கையை நீட்டும்போது வளையல் தட்டில் இடித்துச் சத்தம் போட்டது.

திருநீறு.

அவர் தலையாட்டினார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து, நான் எடுக்காத பொட்டணத்தையும் எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிரித்தார்.

அவரே மடித்த குங்குமம்தான். இருந்தும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தார்.